மடிக்கணினி மூடியில் கீறல்: தேய்ப்பதா, நிரப்புவதா?

கருநிற மடிக்கணினியின் மூடியில் விழுந்த கீறல் வெண்கோடாகத் தெரிந்தாலும், அந்த இடத்தில் வெள்ளை நிறப்பொருள் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. வழவழப்பான பரப்பு தன்மேல் படும் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. கீறலின் பிசிறான ஓரங்களோ அதே ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கின்றன, அந்தச் சிதறலையே கண் வெண்மையாகக் காண்கிறது. ஆகவே கீறலைச் சீர்செய்வது என்பது, இழந்த பொருளை மீட்பதைவிட, ஒளி சிதறாதபடி பரப்பை மாற்றுவதே ஆகும்.

இத்தகைய உறைகள் பல, பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் கலந்த பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன்மேல் நிறப்பூச்சும், பல மாதிரிகளில் அதற்கும் மேலே நிறமற்ற காப்புப் பூச்சும் இருக்கின்றன. இந்தப் பூச்சுகளெல்லாம் சேர்ந்தாலும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கே வரும். கீறல் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்பதை அறிய, ஈரத்துணியால் அந்த இடத்தை மெல்லத் துடைத்துப் பார்த்தால் போதும். நீரின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1.33, பூச்சின் எண் ஏறத்தாழ 1.5, காற்றின் எண் 1. பள்ளத்தில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறையும்போது இரு பொருள்களுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்து சிதறலும் குறைகிறது. ஈரமாக இருக்கும்போது கோடு மறைந்தால் காயம் காப்புப் பூச்சோடு நின்றுவிட்டது. மறையாமல் வேறொரு நிறம் தெரிந்தால் நிறப்பூச்சும் கிழிந்து பிளாஸ்டிக் வெளிப்பட்டிருக்கிறது. (கீறல் என்று நாம் நினைப்பது சில வேளைகளில் வேறொரு பொருள் உரசி விட்டுச்சென்ற படிவாகவும் இருக்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணிக்கே அது பெரும்பாலும் போய்விடும்.)

மேலோட்டமான கீறலுக்குத் தேய்ப்பு முறை பொருந்தும். பாலிஷில் உள்ள நுண்ணிய அலுமினா துகள்கள் பள்ளத்தின் ஓரங்களைச் சிறிது சிறிதாக அரித்து, சுற்றுப்பரப்போடு சமப்படுத்துகின்றன. பலரும் பரிந்துரைக்கும் பற்பசையும் அரிப்புத் துகள் கொண்டதுதான் என்றாலும், அத்துகள்கள் பூச்சுக்கென்று தெரிவு செய்யப்பட்டவை அல்ல. ஒரு கீறலை நீக்கி நூறு மெல்லிய கீறல்களை அது தந்துவிடக்கூடும். வேகமாகச் சுழலும் கருவியும் இங்கு வேண்டாம், ஏனெனில் ஏபிஎஸ் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், உராய்வின் வெப்பமோ ஓரிடத்திலேயே தேங்கும்.

பளபளப்பற்ற மூடிகளில் இதே முறை கேடாக முடிகிறது. அவற்றின் மங்கலான தோற்றம், பூச்சில் கலந்த சிலிக்கா போன்ற துகள்கள் பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாக்குவதால் உண்டாவது. அதைத் தேய்த்தால் கீறலைச் சுற்றிப் பளபளக்கும் திட்டு ஒன்று தோன்றும்; கீறலைவிட அது கண்ணை உறுத்தும், தேய்த்துத் தேய்த்து அதை மாற்றவும் முடியாது. இவ்வகை மூடியில் ஆழமற்ற கீறலைத் தொடாமல் விடுவதே என் பரிந்துரை.

ஆழமான கீறலை அதே நிறப் பூச்சால் நிரப்பத்தான் வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு சுருங்குவதால், ஒரே தடவையில் தடிமனாகப் பூசாமல், ஒவ்வொரு மெல்லிய படலமும் உலர்ந்தபின் அடுத்ததை இட்டு, முடிவில் மேடாக நிற்பதை 2000ஆம் எண் கொண்ட மிக நுண்ணிய உப்புத்தாளை நனைத்துச் சமப்படுத்தலாம். மின்கலத்தைத் துண்டித்து, காற்றுத் துளைகளையும் விசைப்பலகையையும் ஒட்டுநாடாவால் மூடிய பிறகே ஈரத்தோடு வேலை செய்ய வேண்டும். உலோகச் சாயல் கொண்ட நிறங்களில் முழு ஒற்றுமையை எதிர்பார்க்கக் கூடாது: தெளிக்கும்போது பெரும்பாலும் படுத்தவாறு அமையும் அலுமினியச் செதில்கள் தூரிகையால் பூசும்போது தாறுமாறாக நிற்பதால், நேரே பார்க்கையில் ஒத்துப்போகும் நிறம் சாய்த்துப் பார்க்கையில் வேறாகிவிடும். எந்தக் கட்டத்திலும் அசிட்டோனைத் தொடக்கூடாது. பூச்சோடு அதன் அடியிலுள்ள ஏபிஎஸ்ஸையும் அது கரைத்துவிடும்.

தொடுவதற்கு ரப்பர் போல மென்மையாக இருக்கும் பாலியூரிதேன் பூச்சுக்கு இரு முறைகளுமே உதவுவதில்லை. காற்றின் ஈரப்பதத்தால் ஆண்டுக்கணக்கில் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுந்து பிசுபிசுப்பாகும் இயல்புடையது அது. அந்நிலையில் கீறலை மட்டும் சரிசெய்ய முயல்வது வீண், பூச்சு முழுவதையும் அகற்றுவதே வழி.