மின்னஞ்சல் சேவையைத் தேர்வதற்கு முன்: யாரிடமிருந்து காக்க வேண்டும்?

தகவல் பாதுகாப்பு ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "எந்த மின்னஞ்சல் சேவை பாதுகாப்பானது?" என்பது. "யாரிடமிருந்து?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பலர் அப்போதுதான் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். கடவுச்சொல்லைத் திருடிக் கணக்குக்குள் நுழையும் அந்நியரைத் தடுப்பது ஒரு வேலை. அஞ்சல்களைத் தன் கணினிகளில் வைத்திருக்கும் நிறுவனமே அவற்றைப் படிக்காமல் இருக்கச் செய்வது வேறொரு வேலை. முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது தனியுரிமை. ஒன்றில் சிறந்த சேவை மற்றொன்றிலும் சிறந்ததாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான தவறான தேர்வுகள் தொடங்குகின்றன.

ஜிமெயிலையே எடுத்துக்கொள்வோம். 2004இல் அது தொடங்கப்பட்டபோது, அஞ்சல்களின் உள்ளடக்கத்தைக் கணினி அலசி அதற்கேற்ற விளம்பரங்களைக் காட்டியது. விளம்பரத்துக்காக இவ்வாறு அலசுவதை நிறுத்தப்போவதாக கூகுள் 2017இல்தான் அறிவித்தது. இன்றும் சாதாரணக் கணக்குகளில் உள்ள அஞ்சல்களைத் திறக்கும் குறியாக்கச் சாவி அந்நிறுவனத்திடமே இருக்கிறது. தனியுரிமையின் அளவுகோலில் இது குறைதான். ஆனால் சந்தேகத்துக்குரிய உள்நுழைவை இனங்காண்பதிலும், மோசடி அஞ்சல்களை வடிகட்டுவதிலும், பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசி அல்லது கணினியின் பூட்டைத் திறந்து உள்நுழையும் முறை), பாதுகாப்புச் சாவி (உள்நுழைவை உறுதிசெய்யும் சிறு கருவி) போன்ற வசதிகளைத் தருவதிலும் அதற்கு ஈடு கொடுக்கும் சிறு நிறுவனங்கள் மிகக் குறைவு. மறுபுறம், "உங்கள் அஞ்சலை நாங்கள் படிப்பதில்லை" என்று உறுதியளித்துவிட்டு இருபடிச் சரிபார்ப்பைக்கூட (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது) தராத சிறு சேவைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் படிக்காமல் இருக்கலாம், திருடுபவர் படிப்பார்.

பெரிய நிறுவனம் என்பதே உத்தரவாதம் ஆகிவிடாது. யாகூவில் 2013இல் நடந்த ஊடுருவல் அதன் 300 கோடிக் கணக்குகளையும் பாதித்தது என்பது 2017இல்தான் வெளியே தெரிந்தது. பிறந்த தேதிகளும், சிலரது பாதுகாப்புக் கேள்விகளும் விடைகளும் அதில் களவு போயின. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியை எப்படி மாற்றுவது? 2023இல் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பச் சாவி ஒன்றை (உள்நுழைவு அனுமதிகளை உண்மையானவை என்று உறுதிப்படுத்தும் மின்னணுச் சாவி) கைப்பற்றியவர்கள், பயனரின் கடவுச்சொல்லும் இருபடிச் சரிபார்ப்பும் இல்லாமலேயே அமெரிக்க வெளியுறவுத் துறை உட்படப் பல அமைப்புகளின் அஞ்சல்களைப் படித்தார்கள். அதைக் கண்டுபிடிக்க உதவியது அத்துறை கூடுதல் கட்டணம் செலுத்திப் பெற்றிருந்த விரிவான அணுகல் பதிவுகள்தான். கணக்கில் யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார்கள் என்பதை ஒரு சேவை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதை அதனால்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

அடுத்து, விளம்பரங்களில் அதிகம் குழப்பம் தரும் 'குறியாக்கம்' என்ற சொல்: சாவி இல்லாதவர் படிக்க முடியாத வடிவுக்குத் தகவலை மாற்றுவது. மின்னஞ்சலை ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வரையறுக்கப்பட்டபோது அதில் குறியாக்கம் இல்லை. பின்னர் சேர்க்கப்பட்ட டிஎல்எஸ் என்ற குறியாக்க முறை, அஞ்சல் பயணம் செய்யும்போது வழியில் ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கிறது. எதிர்முனைச் சர்வரில் அந்த வசதி இல்லாவிட்டால், குறியாக்கம் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று கடுமையாக அமைத்து வைத்திருந்தாலொழிய, அஞ்சல் திறந்த நிலையிலேயே போய்விடும். சேமிப்பில் இருக்கும்போது செய்யப்படும் குறியாக்கம், வட்டைத் திருடுபவரைத் தடுக்கும். சாவியைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தைத் தடுக்காது. அனுப்புபவரின் கருவியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் கருவியில் மட்டுமே திறக்கும் முனைக்கு முனை குறியாக்கம்தான் நிறுவனத்தையும் வெளியே நிறுத்துகிறது. ஆகவே ஒரு சேவை 'குறியாக்கம் செய்யப்பட்டது' என்று சொன்னால், இவற்றில் எதைச் சொல்கிறது என்று கேளுங்கள்.

புரோட்டான் மெயில், டூட்டா போன்றவை இந்த மூன்றாம் வகையைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அவற்றுக்கும் எல்லை உண்டு. ஒரே சேவையைப் பயன்படுத்தும் இருவருக்கு இடையில் அஞ்சல் முழுப் பயணத்திலும் பூட்டியே இருக்கும். வெளியிலிருந்து, எடுத்துக்காட்டாக ஜிமெயிலிலிருந்து, ஓர் அஞ்சல் வந்தால் அது படிக்கத்தக்க வடிவில் வந்து சேர்ந்த பிறகே பூட்டப்படுகிறது. அதன் பிரதி அனுப்பியவரின் ஜிமெயிலில் அப்படியே கிடக்கும். உங்களோடு எழுதுபவர்கள் அனைவரும் வேறு இடத்தில் இருக்கும்போது நீங்கள் மட்டும் மாறுவதால் கிடைக்கும் தனியுரிமை, விளம்பரம் சொல்வதைவிடக் குறைவு. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்ற மீத்தரவையும் முழுமையாக மறைக்க இயலாது, ஏனெனில் முகவரி தெரியாமல் அஞ்சலைக் கொண்டு சேர்க்க முடியாது. பொருள் வரியை டூட்டா முனைக்கு முனை பூட்டுகிறது, புரோட்டான் பூட்டுவதில்லை. பொருள் வரியிலேயே நோயின் பெயரையோ வழக்கின் விவரத்தையோ எழுதும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அது ஒரு கவசம் அல்ல. அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் பயன்படுத்திய லாவாபிட் மின்னஞ்சல் சேவையிடம் அமெரிக்க அரசு அதன் குறியாக்கச் சாவியையே கேட்டது. அதைக் கொடுத்தால் அத்தனை பயனர்களின் தகவல் தொடர்பும் திறந்துவிடும் என்பதால், அதன் உரிமையாளர் லடார் லெவிசன் 2013 ஆகஸ்டில் சேவையையே மூடினார். சுவிட்சர்லாந்தில் இயங்கும் புரோட்டான், 2021இல் அந்நாட்டுச் சட்டத்தின்படி வந்த ஆணையை ஏற்று, பிரான்ஸைச் சேர்ந்த ஒரு சூழலியல் செயல்பாட்டாளரின் ஐபி முகவரியை (இணையத்தில் அவரது இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பதிவுசெய்து தர நேர்ந்தது. அஞ்சலின் உள்ளடக்கத்தைத் தர அந்நிறுவனத்தாலேயே இயலாது. ஐபி முகவரியைத் தர இயன்றது, தந்தது. சட்டம் கேட்கும்போது நிறுவனம் எதைக் கொடுக்க முடியும் என்பதை நிர்ணயிப்பது அதன் தொழில்நுட்ப அமைப்பே. தனியுரிமைக் கொள்கையில் உள்ள கனிவான வாசகங்கள் அல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, நடைமுறையில் நான் காணும் இழப்புகளில் மிகப் பெரும்பாலானவை அரசாலோ நிறுவனத்தாலோ நேர்பவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கி, சமூக வலைத்தளம், அலுவலகக் கணக்கு என எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் மாற்றும் இணைப்பு வந்து சேர்வது மின்னஞ்சல் பெட்டிக்குத்தான். ஆகவே அதைப் பிடித்தவர் மற்ற அனைத்தையும் பிடித்துவிடுகிறார். 2016இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் அஞ்சல்கள் வெளியேறக் காரணம், கூகுளின் எச்சரிக்கை போலவே தோன்றிய ஒரு போலி அஞ்சல். போலிப் பக்கத்தில் நீங்கள் தட்டச்சு செய்யும் ஓடிபியை மோசடிக்காரர் அதே நொடியில் உண்மையான தளத்தில் இட்டுவிட முடியும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியோ, சிம் கார்டை ஏமாற்றித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவரிடம் நேராகவே போய்ச் சேரும். பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும் தளத்தின் உண்மையான முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலிப் பக்கத்தில் வேலை செய்வதில்லை. இந்த வசதி இல்லாத சேவையை, மற்றவற்றில் அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், முதன்மை மின்னஞ்சலாக வைத்துக்கொள்ள நான் பரிந்துரைப்பதில்லை.

கணக்கு மீட்பு வழியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற இணைப்பை அழுத்தினால் எந்தப் பழைய எண்ணுக்கு, எந்தக் கைவிடப்பட்ட முகவரிக்குச் செய்தி போகிறது என்று பார்த்தால், பலரது வலிமையான கடவுச்சொல்லின் பயன் என்னவென்று தெரிந்துவிடும். முனைக்கு முனை குறியாக்கச் சேவைகளில் சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது: மீட்புச் சொற்றொடரையோ மீட்புக் குறியீட்டையோ எழுதி வைக்காமல் கடவுச்சொல்லை மறந்தவரால் பழைய அஞ்சல்களைப் படிக்க முடியாமல் போகலாம், நிறுவனமே படிக்க முடியாததை நிறுவனம் எப்படி மீட்டுத் தரும்? கடவுச்சொல்லை அடிக்கடி மறக்கும் ஒருவருக்குத் தனியுரிமையை மட்டும் கருதி இத்தகைய சேவையைப் பரிந்துரைப்பது நல்ல ஆலோசனை ஆகாது. ரகசிய மூலங்களோடு பேசும் பத்திரிகையாளருக்கோ வழக்கறிஞருக்கோ அதே சேவை தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம்.

ஊடுருவலுக்குள்ளான கணக்கை என்னிடம் கொண்டுவந்தால் நான் உடனே பார்ப்பது, அஞ்சலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஃபார்வர்டு அமைப்பையும் வடிகட்டி விதிகளையும்தான். கடவுச்சொல்லை மாற்றினாலும் இவை அப்படியே இருக்கும். முன்பு எப்போதோ அனுமதி கொடுத்த வெளிச் செயலிகளின் அணுகலும் அதே போலத் தொடரக்கூடும். இந்த மூன்றையும் ஓரிடத்தில் காட்டி, உடனே நீக்கவும் விடும் சேவை பயன்படுத்துபவரை மதிக்கும் சேவை.

ஒரே நிறுவனத்தில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, சொந்த டொமைனில் (நீங்களே பதிவுசெய்து வைத்திருக்கும் இணையப் பெயர்) முகவரி வைத்துக்கொள்வது நல்ல வழி; சேவை பிடிக்காவிட்டால் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி, அதே முகவரியோடு வேறிடம் போகலாம். ஆனால் டொமைன் பதிவு காலாவதியானால் அதை வாங்கும் எவருக்கும் உங்கள் அஞ்சல்கள் போய்ச் சேரும். தானியங்கிப் புதுப்பித்தலும், டொமைனைப் பதிவுசெய்து தரும் நிறுவனத்தில் உள்ள கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பும் இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

புதிய சேவைக்கு மாறுபவர்கள் முதலில் வங்கி, அடையாள ஆவணங்கள், தொலைபேசிக் கணக்கு ஆகியவற்றில் முகவரியை மாற்றிவிட்டு, மற்றவற்றை மெதுவாக மாற்றலாம். பழைய கணக்கை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். யாகூ 2013இல், நீண்டகாலம் பயன்படுத்தப்படாத முகவரிகளை வேறு பயனர்களுக்கு வழங்கப்போவதாக அறிவித்து, அவ்வாறே வழங்கவும் செய்தது. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை அழிக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆகையால் பழைய கணக்கிலும் வலுவான இருபடிச் சரிபார்ப்பை வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை உள்நுழைந்து, எந்தத் தளத்திலிருந்து இன்னும் அஞ்சல் வருகிறது என்று பார்த்து அங்கும் முகவரியை மாற்றிக்கொண்டே வாருங்கள்.