மிஸ்ஃபயர்: தவறுவது பொறியா, எரியா?

பட்டறையில் யாரும் மிஸ்ஃபயர் என்று முழுசாகச் சொல்வதில்லை. "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள், இல்லாவிட்டால் "மூணுலதான் ஓடுது" என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நாலு சிலிண்டரில் ஒன்று செத்துவிட்டது என்பதை இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறது.

சொல் வந்தது துப்பாக்கியிலிருந்து. விசையை இழுத்தும் மருந்து பற்றாமல் போனால், 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் அதை 'மிஸ் ஃபயர்' என்று இரண்டு சொல்லாகச் சொன்னார்கள். கார் வந்தபோது இன்ஜின்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாம் என்ன செய்தோம்? நெருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு 'மிஸ்'ஸை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு 'அடிக்குது' சேர்த்தோம். வெயில் அடிக்கிற மாதிரி, காய்ச்சல் அடிக்கிற மாதிரி.

பொருள் இதுதான்: சிலிண்டருக்குள் போன பெட்ரோல்-காற்றுக் கலவை எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல், அல்லது அரைகுறையாக எரிந்து, அந்தச் சுற்றின் உந்துதல் இல்லாமல் போவது. நாலு சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடியபடி) நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிய வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 400 தடவை. ஒன்று செத்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட ஏழு ஓட்டை. அந்த ஓட்டைதான் ஸ்டியரிங்கில் நடுக்கமாக வருகிறது, சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டினால் காற்று சீராகத் தள்ளாமல் விட்டு விட்டு வருகிறது.

தமிழில் எழுதுகிறவர்கள் பலர் இதைத் 'தீப்பொறி தவறல்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அடிப்படைக் காரணம் இலக்கணம் இல்லை, எங்கள் சித்தப்பாவின் அம்பாசடர்.

எண்பதுகளில் வாங்கிய வண்டி, 1489 சிசி பெட்ரோல். இன்ஜின் ஆயிலாகக் குடிக்க ஆரம்பித்ததும், பிரித்துப் போட்ட இன்னொரு அம்பாசடரிலிருந்து அதே ரக இன்ஜினை வாங்கி ஏற்றினார்கள். ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடிலிங்கில் குலுங்கிற்று. முதலில் பார்த்தவருக்குத் தலையில் 'பொறி' என்ற சொல்தான் இருந்தது போல. பிளக் மாற்றினார், வயர் மாற்றினார், பாயின்ட், கண்டென்சர், காயில் என்று பொறி தருகிற எல்லாம் மாற்றினார். குலுக்கல் அப்படியே.

அப்புறம் ஒரு வயதான அண்ணாச்சி வந்தார். ஓடுகிற இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்றையும் இரண்டையும் எடுத்தால் இன்ஜின் தடுமாறியது. மூன்றையும் நாலையும் எடுத்தால் பெரிய வித்தியாசமே இல்லை. எடுத்த வயரில் பொறி நீலமாக, சடசடவென்று வந்தது. பிளக்கைக் கழற்றினால் மூன்றிலும் நாலிலும் மூக்கு வெளுத்துக் கிடந்தது. பெட்ரோல் நனைத்திருந்தால் பொறி இல்லை என்று சந்தேகப்படலாம். வெளுப்பு என்றால் காற்று அதிகம்.

அந்த இன்ஜினில் 1, 2 இரண்டுக்கும் சேர்த்து ஒரு இன்டேக் வழி (கலவை உள்ளே போகும் வழி), 3, 4 இரண்டுக்கும் சேர்த்து இன்னொன்று. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சேர்ந்து படுத்தால் அந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அண்ணாச்சி, அந்த வழிகளுக்குக் கலவை கொண்டுவரும் மேனிஃபோல்டு குழாய் இன்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்தில் ஆயில் கேனால் நாலு சொட்டு விட்டார். ஆயிலை உள்ளே இழுத்துக்கொண்டது, அது இடுக்கை அடைத்த நாலைந்து நொடி இன்ஜின் பட்டுப்போல ஓடிற்று, மறுபடி குலுக்கல்.

விஷயம் வாஷரில் இருந்தது. இன்டேக் குழாயும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே கேஸ்கெட்டில் (ஒழுகாமல் இடையில் வைக்கும் தகடு), பொதுவான ஸ்டட்டுகளில் (திருகு ஆணிகளில்) உட்காருகிற அமைப்பு. ஒரே வாஷர் இரண்டு விளிம்பையும் சேர்த்து அழுத்த வேண்டும். மாற்றும்போது பழைய இன்ஜினின் இன்டேக்கை கார்புரேட்டரோடு எடுத்து, புதிய இன்ஜினோடு வந்த எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஒன்றின் விளிம்பு இம்மி தடிப்பு. வாஷர் தடித்த பக்கத்தை மட்டும் அழுத்த, இன்டேக் தளர்ந்து காற்றை உறிஞ்சிற்று. அதனால்தான் ரோட்டில் வேகம் எடுத்தால் குலுக்கல் மறைந்தது: ஆக்ஸிலேட்டரை மிதித்து த்ராட்டில் திறந்ததும் உறிஞ்சும் இழுப்பு குறையும், ஒழுகும் காற்றும் மொத்தத்தில் சொற்பமாகிவிடும்.

இங்கே பொறி தவறவே இல்லை. எரிதல்தான் தவறியது. பொறி, கலவை, அழுத்தம் மூன்றில் எது போனாலும் மிஸ்ஃபயர்தான், அதில் ஒன்றின் பெயரை மட்டும் நோய்க்கே வைத்தால் காயில் விற்கிறவருக்குத்தான் லாபம். ஆகவே 'எரிதவறல்' என்பது என் கட்சி. இந்த வகை இன்ஜினுக்கு உள்ளெரி பொறி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது (அங்கே பொறி என்றால் இயந்திரம், தீப்பொறி இல்லை), அதோடு ஒட்டிப்போகும். நடுவில் 'த்' வேண்டாம். குறி தவறியது போல எரி தவறியது, அவ்வளவுதான். 'பற்றாமை' என்றும் யோசித்தேன், வழக்கில் அடுப்பு 'பத்தல' என்கிறோமே. ஆனால் எழுதிப் பார்த்தால் இன்ஜின் துறவறம் வாங்கியது போல இருக்கிறது.

பேக்ஃபயரை இதோடு குழப்ப வேண்டாம். அது எரியக் கூடாத இடத்தில் எரிவது, 'பின்வெடிப்பு' போதும். இதே இன்ஜினில் எரியும் வரிசை 1-3-4-2, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். யாராவது பழக்கதோஷத்தில் வலஞ்சுழியாக வயர் மாட்டினால் 1, 4 சரியாக இருக்கும், 2, 3 இடம் மாறும், கார்புரேட்டர் வழியாக டப் டப்பென்று வெடிக்கும்.

எரிதவறல் என்ற சொல்லை அண்ணாச்சியிடமே சொல்லிப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா போன்ல 'வண்டி எரி'ன்னு ஆரம்பிச்சா, மீதியைக் கேக்காம தண்ணி வாளியோட ஓடி வருவேன், பரவால்லையா?" என்றார்.