வேடம் அல்ல, ஆள்விலங்கு

தென்னாப்பிரிக்காவின் பாறை ஓவியங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில், மான் தலையும் மனித உடலும் கொண்ட உருவத்துக்குக் கீழே 'மான் வேடமிட்ட வேட்டைக்காரர்' என்று எழுதியிருப்பதை எத்தனையாவது முறையாகவோ படித்துவிட்டேன். ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது 'தீரியாந்த்ரோப்' என்ற சொல். அதில் வேடமும் இல்லை, வேட்டையும் இல்லை.

கிரேக்கத்தில் 'தெரியோன்' காட்டுவிலங்கு, 'ஆந்த்ரோப்போஸ்' மனிதர். இரண்டும் கலந்த உருவம் என்பதற்கு மேல் அச்சொல் எதையும் சொல்வதில்லை. ஏன் கலந்தது, யார் கலந்தார் என்ற கேள்விகளை அது திறந்தே விடுகிறது. 'வேடம்' என்று எழுதுகிறவரோ விடையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.

அந்த விடையும் தவறானது. டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடரில், காம்பெர்க் பகுதியிலுள்ள கேம் பாஸ் குகைத்தங்கலில், தென்னாப்பிரிக்காவின் வேட்டைப் பழங்குடியினரான சான் மக்கள் தீட்டிய எலாண்டு ஒன்று சாகும் நிலையில் நிற்கிறது. இரலை இனத்திலேயே மிகப் பெரியதான அவ்விலங்கின் தலை தாழ்ந்திருக்கிறது, பின்னங்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டிருக்கின்றன. அதன் வாலைப் பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். அவருடைய கால்களும் அதேபோலப் பின்னியிருக்கின்றன, பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குளம்பு இருக்கிறது. சான் வேட்டைக்காரர்கள் விலங்குத் தோலைப் போர்த்தி இரையை நெருங்கியது உண்மைதான். ஆனால் மறைந்து நெருங்க வந்தவர் வாலைப் பிடிப்பாரா? வேடம் என்றால் களையக்கூடியது. இந்த உருவத்தில் களைவதற்கு ஒன்றுமில்லை. தில்லையின் புலிக்கால் முனிவரைப் 'புலித்தோல் காலணி அணிந்தவர்' என்று நாம் எழுதுவதில்லையே.

1873இல் லெசோத்தோவின் மலோட்டி மலைகளில் ஜோசப் ஆர்ப்பன் என்ற அதிகாரி, தம் வழிகாட்டியான கிங் என்ற சான் இளைஞரிடம், ரீபொக் மானின் தலையோடு வரையப்பட்டவர்கள் யார் என்று கேட்டார். அவர்கள் இறந்துபோனவர்கள், இப்போது ஆறுகளுக்குள் வாழ்கிறார்கள், எலாண்டுகள் கெட்ட அதே காலத்தில், ஓவியங்களில் காணும் அந்த நடனங்களால் அவர்களும் கெட்டார்கள் என்பது கிங்கின் பதில். பெண்கள் கைதட்டிப் பாட, ஆண்கள் சுற்றி ஆடி, உடல் நடுங்கி, மூக்கில் குருதி வழிய, வேற்றுலகுக்குப் போய்வரும் குணமாக்கும் நடனத்தையே இந்தப் பதில் சுட்டுகிறது என்று பாறை ஓவிய ஆய்வாளர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் விளக்கினார். ஓவியத்திலிருப்பவர்கள் உண்மையிலேயே இறந்தோரின் ஆவிகள் என்று வாதிடுவோரும் உண்டு. இரு தரப்புக்கும் இடம் கொடுக்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

'மிருக மனிதன்' என்ற மாற்று இன்னும் மோசம். தமிழில் ஒருவரை மிருகம் என்றால் அது வசை; மனைவியை அடிப்பவனைச் சொல்வோம், கொலைகாரனைச் சொல்வோம். குடியேறிகளின் ஆயுதக் குழுக்களால் விலங்குகளைப் போல் வேட்டையாடப்பட்ட மக்கள் இவர்கள். கேப் டவுன் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுக் கூடத்தில் இவர்களின் வார்ப்புருவங்கள் காட்சிக்கு இருந்தன. 2001இல்தான் அக்காட்சி மூடப்பட்டது. அவர்கள் புனிதமாகத் தீட்டிய உருவத்துக்கு நாம் இப்படியொரு பெயர் வைக்கலாமா? தூய தமிழ் என்ற பெயரில் 'மாக்கள்' என்று முன்மொழிவோருக்கும் இதே மறுப்புதான்: தொல்காப்பிய மரபியல் மாக்களை ஐயறிவில் நிறுத்துகிறது. 'புருஷாமிருகம்' பழகிய சொல்தான். ஆனால் நம் கோயில் தூண்களில் அதற்கு மனிதத் தலை, சிங்க உடல். இங்கே இருப்பது பெரும்பாலும் அதற்கு நேர் எதிரானது.

நரசிங்கத்துக்கு 'ஆளரி' என்று தமிழில் அழகான சொல் இருக்கிறது. ஆள், அரி, இரண்டில் எது போர்வை, எது உள்ளீடு என்று அச்சொல் பிரிப்பதில்லை. அதே வார்ப்பில் 'ஆள்விலங்கு' என்கிறேன். கைவிலங்கு நினைவுக்கு வருகிறது என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார். பாறை ஓவியம் பற்றிய பக்கத்தில் அந்தக் குழப்பம் எவருக்கும் வராது. தனி உருவத்தைச் சொல்லும்போது 'மான்தலை மாந்தர்' என்றே எழுதலாம், அது இன்னும் தெளிவு.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் நடனத்தில் ஆற்றல் பெறுபவரை 'மந்திரவாதி' என்றும் எழுதுகிறார்கள். 'சாமியாடி' ஓரளவு நெருங்கும், ஆனாலும் பொருந்தாது: சாமியாடியின் மேல் சாமி இறங்குகிறது, சான் ஆட்டக்காரருக்கோ உள்ளிருக்கும் ஆற்றல் கொதித்தெழ, அவர்தாம் வெளியே போகிறார். 'குணமாக்குநர்' என்றால் போதுமானது.

கேம் பாஸ் படத்தின் கீழ் நான் எழுதுவதானால் இவ்வளவுதான் எழுதுவேன்: 'சாகும் எலாண்டும் அதன் வால் பற்றிய ஆள்விலங்கும், இரண்டின் கால்களும் பின்னியிருப்பதைக் காண்க.'