மிட்டாயி திட்டம்: டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கான கேரள அரசின் இலவச உதவித் திட்டம்தான் மிட்டாயி. பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்றே, "மிட்டாயியில் பேர் சேர்க்க எங்கே போகணும்?" என்று கேட்டுவிடுங்கள். மூணாறோ பீர்மேடோ, எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கும் இது உரிமைதான்.

இனிப்பு தின்று வருகிற நோய் அல்ல இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதனால் கஷாயமோ மாத்திரையோ ஊசிக்கு ஈடாகாது. ஊசியை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. இதே கோளாறு தைராய்டு சுரப்பியையும் தாக்கலாம். அதற்கான ரத்தப் பரிசோதனையை எழுதித் தந்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

திட்டத்தை நடத்துவது கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன். இன்சுலின் பேனா, மருந்து, ஊசிமுனை, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், அதில் செருகும் ஸ்ட்ரிப் எல்லாம் இலவசம். ஸ்ட்ரிப்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு தடவை விரல் குத்திப் பார்த்தால் மாதம் 120 ஸ்ட்ரிப் ஆகிறது. கைக்காசு போட்டு வாங்கிக் கட்டுப்படியாகாது. சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் கருவி, இன்சுலின் பம்ப் ஆகியவையும் உண்டு. யாருக்கு என்பது டாக்டர் முடிவு.

திட்ட விதிப்படி வயது 18-க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள். கணவன் மனைவி இருவரும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற வீட்டில் இந்த வரம்பு இடிக்கலாம். ஆயுள் முழுக்க ஊசி போட வேண்டிய நோய்க்கு இது ரொம்பக் குறைவு என்பதே என் எண்ணம். ஆனாலும் நீங்களாகவே கணக்குப் போட்டு விலகிவிடாதீர்கள். மனுக் கொடுத்துப் பாருங்கள்.

திருவனந்தபுரம், ஆலப்புழை, கோட்டயம், திருச்சூர், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மையங்கள் இருக்கின்றன. இடுக்கிக்காரர்களுக்குக் கோட்டயம் வசதி. சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஆட்களுக்குத் திருச்சூர். அதைவிடப் பக்கத்தில் துணை மையம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வருமானச் சான்றுக்கு, இணைய வழி அரசுச் சேவை தரும் அக்‌ஷயா மையத்தில் விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீஸிலிருந்து வரும். ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, டாக்டர் சான்று ஆகியவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

தமிழ்நாட்டு எல்லையில் இருப்பவர்களுக்குச் சிக்கல் முகவரியில்தான். குடியிருப்பது கேரளத் தேவிகுளத்தில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டுப் போடியில் என்றால் மனு நின்றுபோகும். முதலில் கார்டை இங்கே மாற்றுங்கள். அது முடியும்வரை அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் கேளுங்கள். ஒரு வேளை ஊசிகூடத் தவறக் கூடாது.

எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் பிள்ளைக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். டாக்டர் சான்றோடு முன்கூட்டியே ஹெட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.