கோட்டின் மேல் கோடு

"செய்தி வாசிப்பவரின் கோடு போட்ட சட்டை டிவியில் மட்டும் ஏன் நெளிகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கேமரா சென்சாரில் பிக்சல்கள் வரிசையாக இருக்கின்றன. சட்டைக் கோடுகளும் வரிசைதான். இரண்டின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால், இரண்டிலும் இல்லாத மூன்றாவது கோலம் ஒன்று முளைக்கும். பெயர் மொய்ரே. அது முதலில் ஒரு பட்டுத்துணியின் பெயர். மெல்லிய வரிகளோடு நெய்த பட்டுத்துணியை இரண்டாக மடித்துச் சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தினால், ஒரு மடிப்பின் வரிகள் மற்றதை அங்கங்கே நசுக்கி, நீரலை போல மினுக்கும்.

நைலான் கொசுவலையை இரண்டாக மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் மேல் நூல் விழும் இடத்தில் வெளிச்சம் புகும். நூல் இடைவெளியை மறைக்கும் இடம் இருளும். இரண்டும் மாறி மாறிப் பட்டைகளாகத் தெரியும். சரி, எவ்வளவு பெரிய பட்டை? 1 மி.மீ. இடைவெளியில் கோடு போட்ட இரண்டு கண்ணாடித் தாள்களை 5 டிகிரி சாய்த்து அடுக்கினால், பட்டைகள் சுமார் 11 மி.மீ.க்கு ஒன்றாக வரும். 2 டிகிரியில் 29. 1 டிகிரியில் 57! சாய்வு குறையக் குறைய, ஒரு கோடு அடுத்த இடைவெளிக்குள் நழுவ அதிக தூரம் போக வேண்டும். அதனால் பட்டை வீங்குகிறது. இப்போது ஒரு தாளை 1 மி.மீ. நகர்த்தினால் பட்டை 57 மி.மீ. ஓடும். லென்ஸே இல்லாத உருப்பெருக்கி! எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்களுக்கு இதுவே தலைவலி. மை இறங்கும் வலை ஒரு கட்டம், படத்தின் புள்ளிகள் இன்னொரு கட்டம். திருப்பூரில் ஒரு யூனிட்டில் கன்னம் முழுக்கக் கட்டம் விழுந்த முகத்தோடு ஒரு டி-ஷர்ட்டைப் பார்த்தேன். புள்ளி வரிசையை 22.5 டிகிரி சாய்த்துவிட்டால் பட்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடும்.

1965-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த மாதிரிக் கண்கட்டுப் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. ஜெரால்ட் ஆஸ்டர் என்ற பாலிமர் வேதியியலாளர் மொய்ரே படைப்புகளைக் கொடுத்திருந்தார். பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் படங்களும் இருந்தன. அவருடைய கறுப்பு வெள்ளைக் கோடுகள் நெளிவது கண்ணுக்குள் நடக்கும் வேலை, அது வேறு கதை. அதே ஆண்டு அவர் பிளெக்ஸிகிளாஸ் மீது ஸ்கிரீன் பிரிண்ட் வரிசை ஒன்றையும் வெளியிட்டார். ஆனால் நியூயார்க் கடை ஜன்னல்களில் அவர் கண்டது தன் கோடுகளை அச்சடித்த கவுன்களை. அவர் ஓவியம் ஒன்றை வாங்கிய ஆடைத் தயாரிப்பாளர் அதைத் துணியாக்கியிருந்தார். ரைலிக்குக் கடும் கோபம். நியாயம்தான் என்பேன்: தட்டைப் பரப்புக்கு அளந்து வைத்த இடைவெளி, இடுப்பில் வளைந்தால் வேறு படமாகிவிடும்.

கொசுவலை ஆராய்ச்சிக்கு மானியம் கேட்டால் இன்று சிரிப்பார்கள். ஆனால் 2018-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரண்டு கிராஃபீன் தாள்களை (ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்கள்) சுமார் 1.1 டிகிரி திருகி அடுக்கியபோது, கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போனது. அங்கும் மொய்ரேதான், பட்டை அளவு 13 நானோமீட்டர்.

வாசகருக்கு: கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே சட்டை அடங்கிவிடும்.