மஜோலிகாவின் பள்ளத்தில் தேங்கும் பச்சை

விக்டோரியா காலத்து மஜோலிகா, அதாவது வண்ணக் கண்ணாடிப் பூச்சு பூசிய மண்பாண்டத் தட்டு ஒன்று கையில் கிடைத்தால், முதலில் அதில் புடைப்பாக வார்த்திருக்கும் இலையின் நரம்பைப் பாருங்கள். நரம்பு மேடாக இருக்கும் இடத்தில் பச்சை வெளிறியிருக்கும். பக்கத்துப் பள்ளத்தில் கரும்பச்சை. இரண்டு நிறம் தீட்டியதுபோலத் தெரியும். பூசியது என்னவோ ஒரே பச்சைதான்.

காரணம், ஈயம். பளபளக்கும் கண்ணாடிப் பூச்சுக்கு அடிப்படை சிலிகா, அதாவது மணல். அது தனியாக உருக 1700 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். ஈய ஆக்சைடு சேர்த்தால் ஏறக்குறைய 1000 டிகிரியிலேயே இளகி வழியத் தொடங்கும். ஒருமுறை சுட்ட மண்பாண்டத்தில் இதைப் பூசி, மறுபடி சூளையில் வைப்பார்கள். உருகிய பூச்சு மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்கே கனம் அதிகம், ஒளி கடக்கும் தூரமும் அதிகம், நிறம் ஆழ்ந்துவிடும். அச்சில் வார்த்த வடிவமே நிழலையும் தீட்டிக்கொள்கிறது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்தது இதுதான்.

பச்சைக்குச் செம்பு, நீலத்துக்குக் கோபால்ட், பழுப்புக்கு இரும்பும் மாங்கனீசும். ஈயக் கண்ணாடி ஒளியை அதிகமாக வளைப்பதால், இத்தனை காலத்துக்குப் பிறகும் ஈரம் காயாததுபோல மின்னுகிறது.

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஊரிலிருந்த மின்டன் பீங்கான் ஆலைக்காக இந்தப் பூச்சுகளை உருவாக்கியவர் லியோன் ஆர்னூ என்ற பிரெஞ்சுக்காரர். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் இவை மக்கள் பார்வைக்கு வந்தன. அந்த மினுமினுப்புக்கு விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். பாண்டங்களைப் பூச்சுக் கரைசலில் முக்கியெடுத்தவர்களின் உடலில் ஈயம் ஏறி, பலர் நோயில் விழுந்தார்கள். அழகான ஜாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைகளும் நினைவுக்கு வரும்.

சரி, பழைய தட்டுகளின் பூச்சில் தெரியும் மயிரிழை விரிசல்கள்? சூளையிலிருந்து ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கப் பார்க்கும். மண் விடாது. இழுபட்ட பூச்சு வலைபோல வெடிக்கும். சில பாண்டங்களில் இது பல ஆண்டு கழித்து வரும்: நுண்துளை மண் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சி உப்ப, மேலிருக்கும் பூச்சால் கூடவே விரிய முடியாது. ஆகவே இந்த வலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாண்டமே பிளந்திருக்கிறதா என்பதே கேள்வி. விரலால் மெல்லத் தட்டுங்கள். முழுசாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும், பிளவு இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். புற ஊதா விளக்கைக் காட்டினால், பிற்காலத்தில் பிசின் வைத்து ஒட்டிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

அப்புறம், வாங்கிய தட்டில் ஊறுகாயோ எலுமிச்சையோ வைக்காதீர்கள். புளிப்பு ஈயத்தைக் கரைத்து உணவில் இறக்கிவிடும்.