தம் கட்டத் தெரிந்தால் போதுமா?

நீருக்கடியில் ஆடும் ஹாக்கியின் காணொளியைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அதிக நேரம் தம் கட்டுகிறவர்தானே இதில் சிறந்த ஆட்டக்காரர்? அணிக்கு ஆள் எடுக்க ஒரு கடிகாரம் போதாதா?"

போதாது. 1954இல் இங்கிலாந்தின் சவுத்ஸீயில் ஆலன் பிளேக் தன் முக்குளிப்புச் சங்கத்துக்காக உருவாக்கிய ஆட்டம் இது. அணிக்கு 6 பேர், 15 நிமிடப் பாதிகள் இரண்டு. குளத்தின் தரையில் கிடக்கும் சுமார் 1.3 கிலோ எடையுள்ள வட்டைச் சிறு கட்டையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆக்சிஜன் உருளை கிடையாது. ஒருமுறை மூழ்கினால் அடியில் இருப்பது பெரும்பாலும் சில விநாடிகள்தான். மேலே வந்து இரண்டு மூச்சு வாங்கிவிட்டு, இளைப்பு அடங்கும் முன்பே மறுபடி இறங்கியாக வேண்டும்.

அதனால் உடல்தகுதியை அளக்க 1982இல் லெஜே, லாம்பெர் என்ற ஆய்வாளர்கள் வகுத்த சோதனை, அதாவது 20 மீட்டர் தூரத்தை வேகம் கூட்டியபடி திரும்பத் திரும்ப ஓடுவது, இங்கே பாதிக் கதையைத்தான் சொல்லும். ஓடுகிறவர் நினைத்தபோதெல்லாம் மூச்சு விடலாமே! நீரிலேயே சோதிக்க வேண்டும்: குறிப்பிட்ட தூரத்தை மூழ்கியபடி கடப்பது, சில விநாடி ஓய்வு, மறுபடி அதே தூரம். முதல் சுற்றைவிடக் கடைசிச் சுற்று எவ்வளவு தாமதம் என்று பார்ப்பது.

மூச்சு முட்டுவது ஏன்? ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல என்று பள்ளியிலேயே படித்திருப்போம். கரியமில வாயு சேரச் சேர, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தைச் சுற்றியுள்ள நீர்மம் அமிலத்தன்மை அடைகிறது. மூளை 'மூச்சு விடு' என்கிறது. கதை இதோடு முடிவதில்லை, அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

அந்த ஆட்டம் பிறந்த அதே 1954இல் ஃபவுலர் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். இனி முடியாது என்னும்வரை சிலரைத் தம் கட்டச் செய்தார். பிறகு அவர்களுக்குச் சுவாசிக்கக் கொடுத்தது நல்ல காற்று அல்ல. சுமார் 8 சதவீத ஆக்சிஜனும் 7 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயுவும் கொண்ட கலவை. அதைச் சுவாசித்து ரத்தத்தின் நிலை தேறவில்லை. ஆனாலும் வேதனை சட்டென்று தணிந்தது, மறுபடி தம் கட்டவும் முடிந்தது! மார்பு ஏறி இறங்கியதே போதுமானதாக இருந்தது. தம் கட்டும்போது அசைய விடாமல் நாம் அடக்கி வைக்கும் உதரவிதானத்திலிருந்து (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள சுவாசத் தசை) மூளைக்குச் செல்லும் செய்திகளுக்கும் அந்த வேதனையில் பெரும்பங்கு உண்டு. 1960களில், முழு நினைவோடு இருந்தவர்களின் தசைகளை மருந்தால் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோது, வழக்கத்தைவிட வெகுநேரம் மூச்சில்லாமல் இருக்க முடிந்தது.

வீரர்களின் மனஉறுதி வேலை செய்யும் இடம் இதுதான். உதரவிதானத்தின் முதல் துடிப்பு வந்ததும் பதறி மேலே வருகிறவருக்கும், அது வெறும் எச்சரிக்கை என்று பழகி இன்னும் 3 விநாடி வட்டை விடாதவருக்கும் நுரையீரல் ஒரே அளவாக இருக்கலாம். அந்த 3 விநாடியில் கோல் விழும். மூழ்கி ஆடுகிறவரின் உதரவிதானத்தை ஆட்டத்தின் நடுவிலேயே அளக்க வேண்டும் என்பது என் ஆசை. பார்வையாளர் குறைவு என்பதற்காக இத்தகைய ஆட்டங்களின் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காதது தவறு. நோயாளியின் மூச்சுத்திணறலைப் புரிந்துகொள்ளவும் இதே அறிவுதான் வேண்டும்.

ஒன்றை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் இருப்பு பெரிதாக அதிகரிக்காது. கரியமில வாயுதான் குறையும். எச்சரிக்கை மணி தாமதமாகிறது. அது அடிக்கும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு போகிறது. நன்றாக நீந்தத் தெரிந்த பையன் கிணற்றில் சத்தமே இல்லாமல் மூழ்கினால் பேய் இழுத்துவிட்டது என்கிறார்களே, அந்த மரணங்களில் சில இப்படி நேர்ந்தவையாக இருக்கலாம். தம் கட்டிப் பழகும் பிள்ளைகள் அருகே, அதற்காகவே கண்வைத்திருக்கும் ஒருவர் கரையில் நிற்கட்டும்.